கஷிங்கைப் பாடமாக வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மானிடவியல், நாட்டார் வழக்காற்றியல் துறைகளின் பாடத்திட்டக் குழுவினர், மாணவர்களைக் களப்பணிக்கு அனுப்பும் நெறியாளர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். களப்பணி முறையியல் தாளில் அமெரிக்க மானிடவியலாளர் ஃபிராங்க் ஹாமில்டன் கஷிங்குக்கு அரைப் பக்கம் ஒதுக்குவது வழக்கம். 1879இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஜூனி என்ற பூர்வகுடி மக்களின் ஊருக்குப் போனார். நாலரை ஆண்டு அந்த மக்களோடு வாழ்ந்தார். மொழி கற்றார், அவர்கள் உடையை உடுத்தினார், பூசாரிக் குழு ஒன்றில் உறுப்பினரானார். டிரோப்ரியண்ட் தீவுகளில் மாலினோவ்ஸ்கி கூடாரம் போடுவதற்கு முப்பத்தைந்து ஆண்டுக்கு முன்பே, மக்களோடு மக்களாக வாழ்ந்து ஆராயும் பங்கேற்று நோக்கலைச் செய்து காட்டினார். பாடம் அதோடு முடியும். தேர்வில் ‘கஷிங் ஜூனி மக்களின் நம்பிக்கையைப் பெற்ற விதத்தை விளக்குக’ என்று பத்து மதிப்பெண்ணுக்கு வரும். நன்றாக விடை எழுதிய மாணவி அடுத்த பருவத்தில் ஒலிப்பதிவுக் கருவியும் கைப்பேசியுமாக ஒரு மலைக் கிராமத்துக்குப் புறப்படுவார்.

அந்த அரைப் பக்கத்தில் பொய் ஏதுமில்லை. ‘யார் அனுமதித்தார், எதற்கு மட்டும் அனுமதித்தார்’ என்ற கேள்விதான் அதில் ஒரு வரியிலும் இல்லை. அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு கஷிங்கின் கதையை முதலிலிருந்து நடத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

அவர் உள்ளே போன விதத்திலிருந்து தொடங்கலாம். வாஷிங்டனில் இனவரைவியல் பணியகம் 1879 மார்ச்சில்தான் பிறந்தது. தலைவர் ஜான் வெஸ்லி பவல். ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் அது அனுப்பிய குழு செப்டம்பரில் ஜூனியை அடைந்தது. ஸ்டீவன்சனின் மனைவி மட்டில்டா, படம் எடுக்க ஹில்லர்ஸ், 22 வயதுக் கஷிங் ஆகியோர் உடன் வந்தார்கள். ஸ்டீவன்சனின் வேலை பொருள் சேர்ப்பது. பானை, கூடை, வழிபாட்டுப் பொருள் என்று ஆயிரக்கணக்கில் வாங்கி, கட்டி, கிழக்கே அனுப்பினார்கள். கஷிங் சில மாதம் தங்கி வாழ்க்கை முறையைப் பார்த்து எழுத வந்தவர். வெளியே முகாமில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியவராது என்று முடிவுசெய்து, ஊரின் ஆளுநர் பாலோவாதிவாவின் வீட்டு அறை ஒன்றில் தன் தூளியைக் கட்டிக்கொண்டார். யாரையும் கேட்டுக் கட்டவில்லை. எப்போது வாஷிங்டன் திரும்புவாய் என்று ஆளுநர் விசாரித்ததையும், இரண்டு மாதம் ஆகும் என்றதும் அவர் எரிச்சலோடு ஒரு சொல்லை உதிர்த்ததையும் கஷிங்கே பின்னாளில் செஞ்சுரி இதழில் வேடிக்கையாக எழுதினார்.

இங்கேயே வகுப்பை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். ‘ஆளுநர்’ என்பது ஸ்பானியர் காலத்தில் வந்த பதவி. அயலாரோடு பேசுவது, வழக்குத் தீர்ப்பது அவர் பாடு. சடங்கு, மழை, தெய்வம் தொடர்பானவை குருமாரின் அதிகாரம். அந்த ஆளுநர் மனமுவந்து இடம் கொடுத்திருந்தால்கூட அது ஒரு அறைக்கான அனுமதி மட்டுமே. முகமூடி ஆட்டத்தைப் படம் வரைய அனுமதி தர அவருக்கே உரிமை கிடையாது. நம் மாணவர்கள் ஊராட்சித் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரே கோயில் சடங்கைப் பதிவுசெய்யப் போய் நிற்கிறார்களே, அதே கோளாறுதான்.

பிறகு ஸ்டீவன்சன் குழு ஹோப்பி என்ற வேறொரு பூர்வகுடியின் ஊர்களுக்கு நகர்ந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நின்ற கஷிங்குக்குச் சோறு போட்டவர் பாலோவாதிவா. போட்டதோடு விடவில்லை. தூளியை அவிழ்த்தெறிந்து, தரையில் ஆட்டுத்தோல் விரித்துப் படுக்கச் சொன்னார். தொப்பி போய் நெற்றித்துணி வந்தது. காலணி போய் மொக்கசின் என்ற மெல்லிய தோல் செருப்பு வந்தது. காது குத்தினார்கள். தெனாட்சலி என்று ஒரு மூலிகைப் பூவின் பெயரைச் சூட்டினார்கள். பெண் பார்த்து மணம் முடித்துவைக்கவும் முயன்றார்கள்.

இதையெல்லாம் ‘ஏற்றுக்கொண்டார்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் நம் பாடநூல்கள் அடக்கிவிடுகின்றன. பாலோவாதிவாவின் திண்ணையிலிருந்து பார்த்தால் காட்சி வேறு. போகச் சொல்லியும் போகாத ஒருவன் வீட்டுக்குள் இருக்கிறான். ராணுவத்தின் துணையோடு வந்தவன், அடித்து விரட்ட முடியாது. உறவுக்காரனாக்கிவிட்டால் அண்ணன் சொல்லைத் தம்பி கேட்டாக வேண்டும். ஆகவே அந்தத் தத்தெடுப்பு அன்பும்தான், கடிவாளமும்தான். கஷிங் தம்பி என்ற இடத்தின் சலுகைகளை எடுத்துக்கொண்டார். கடமை வந்த இடத்தில் நழுவினார். ஜூனிப் பெண்ணை மணக்கச் சொன்னபோது சாக்குச் சொன்னவர், 1882இல் வாஷிங்டனில் எமிலி மகிலை மணந்து ஜூனிக்கே அழைத்துவந்தார். எமிலியை மணந்ததில் தவறு காண நாங்கள் யார்! முழு உறுப்பினர் என்று சொல்லிக் கொண்டே எந்தக் கயிற்றில் கட்டுப்பட்டார், எதில் கட்டுப்படவில்லை என்று மாணவர் கணக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

அடுத்து, படம் வரைந்த விவகாரம். இதை வகுப்பில் கொஞ்சம் நிதானமாகவே நடத்த வேண்டும். முகமூடி ஆட்டங்களைக் கஷிங் குறிப்பேட்டில் வரையத் தொடங்கியதும் பெரியவர்கள் தடுத்தார்கள். உருவத்தை எடுத்துப்போவது நிழலை எடுத்துப்போவது போல என்பது அவர்கள் எண்ணம். நயமாகச் சொன்னார்கள், கேட்கவில்லை. கூட்டம் போட்டுப் பேசினார்கள், கேட்கவில்லை. குறிப்பேட்டில் கைவைக்க வந்தபோது இடுப்பிலிருந்த வேட்டைக் கத்தியை உருவிக் காட்டி மிரட்டினார். பின்னொரு நாள் கத்தி ஆட்டத்தின்போது ஆட்டக்காரர் இருவர் அவரை நவஹோ (ஜூனிகளோடு பகை கொண்ட இனம்) எதிரி என்று கூவிக்கொண்டு அடிக்க வந்தார்கள். அவர் அசையாமல் நின்றார். கடைசியில் ஒரு நாயைப் பிடித்துக் கொன்று ஆட்டத்தை முடித்தார்கள். அன்றிலிருந்து தன்னை மதித்தார்கள் என்று கஷிங் எழுதுகிறார்.

‘நம்பிக்கையைப் பெற்ற விதம்’ என்ற பத்து மதிப்பெண் கேள்விக்கு நேர்மையான விடை இதுதான்: தெளிவாக மறுத்தார்கள், அவர் கத்தியைக் காட்டினார், எதிர்ப்பு ஓய்ந்தது. ஓய்ந்ததை நாம் இசைவு என்று பெயரிட்டுப் பாடநூலில் ஏற்றிவிட்டோம். களத்தில் இது இன்றும் அன்றாடம் நடக்கிறது, கத்தி மட்டும் இல்லை. மூன்று முறை ‘வேண்டாம் சார்’ என்றவர் நான்காம் முறை பேசாமல் இருப்பார். மாவட்ட அதிகாரியின் கடிதத்தோடு வந்தவரிடம் எத்தனை முறை மறுப்பது? அந்தப் பேசாமையைப் பதிவேட்டில் ‘சம்மதித்தார்’ என்று எழுதும் ஆய்வாளருக்குத் தான் ஏதோ தவறு செய்கிறோம் என்றே தோன்றாது.

1881இல் கஷிங் வில் குருமார் குழுவில் சேர்ந்தார். போருக்கும் ஊர்க்காவலுக்கும் உரிய குழு அது. எதிரியின் உச்சந்தலைத் தோலைக் கொண்டுவந்தவரே உள்ளே வரலாம் என்பது நெறி; கஷிங் ஒன்றைக் கொடுத்தே சேர்ந்தார். அதன்பின் கடிதங்களில் ‘ஜூனியின் முதலாம் போர்த்தலைவர், அமெரிக்க ஐக்கிய நாட்டு உதவி இனவரைவியலாளர்’ என்று இரண்டு பதவியையும் ஒரே வரியில் போட்டுக் கையெழுத்திட்டார். அந்த ஒரு கையெழுத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் ஒரு மணி நேர வகுப்பு ஓடும். முதல் பதவி, அறிந்ததைக் காக்கும் கடமையைத் தருகிறது. இரண்டாவது, அறிந்ததை அறிக்கையாக்கி அச்சுக்கு அனுப்பும் கடமையைத் தருகிறது, சம்பளம் இரண்டாவதற்குத்தான். இரண்டும் மோதினால் எது வெல்லும் என்று அவருக்குக் குருத்துவம் கொடுத்தவர்களுக்கு அன்று தெரிந்திருக்க வழியில்லை.

1882இல் ஜூனிப் பெரியவர்களைக் கிழக்குக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். பாலோவாதிவாவும் குருமாரும் போனார்கள். அவர்களுக்கு அது பயணம் பார்க்கும் ஆசை மட்டுமில்லை. ‘சூரிய உதயக் கடலின்’ நீர் மழைச் சடங்குக்கு வேண்டியிருந்தது. பாஸ்டன் துறைமுகத்து மான் தீவில் கடலோரம் நின்று வேண்டுதல் செய்து, குடுவைகளில் நீர் முகந்தார்கள். கூட்டம் வேடிக்கை பார்த்தது, பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. கஷிங்குக்கும் அதில் லாபம்: இந்த உதவிக்கு ஈடாக இன்னும் சில கதவுகள் அவருக்குத் திறந்தன. கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஜூனிகள் ஏமாந்த அப்பாவிகள் என்று நடத்தினால் அதுவும் அவர்களைச் சிறுமைப்படுத்துவதே.

நிலத் தகராறையும் அவசியம் சேர்க்க வேண்டும். 1877இல் ஜனாதிபதி ஹேய்ஸ் ஆணையில் குறித்த ஜூனி எல்லைக்கு வெளியே நியூட்ரியா ஊற்றுப் பகுதி விடுபட்டுப்போனது. அங்கேதான் அவர்களுடைய பாசன நிலம். அதைக் கவனித்த சிலர் அந்த நிலத்துக்கு உரிமை கோரி மனுப் போட்டார்கள். அதில் ஒருவர் செனட்டர் ஜான் லோகனின் மருமகன் டக்கர். கஷிங் எதிர்த்தார், கிழக்கே பத்திரிகைகள் வழியாகச் செய்தியைப் பரப்பினார். 1883 மே 1 அன்று ஜனாதிபதி ஆர்தர் எல்லையைத் திருத்தி ஆணையிட்டார். லோகன் சும்மா இருக்கவில்லை. பணியகத்துக்குப் பணம் ஒதுக்குவது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். பவலுக்கு நெருக்கடி வந்தது. 1884இல் கஷிங் திரும்பி அழைக்கப்பட்டார். அதே ஆண்டு லோகன் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்றார் என்பதைச் சொன்னால் எதிராளியின் பலம் மாணவருக்குப் புரியும். கஷிங்கை வில்லனாக்கி முடிக்க நினைக்கும் ஆசிரியருக்கு இந்த நிகழ்ச்சி இடைஞ்சலாக இருக்கும். இருக்கட்டும். நிலத்துக்காக வேலையைப் பணயம் வைத்தவரும், தடுத்த கையை நோக்கிக் கத்தியை உருவியவரும் ஒரே ஆள்தான்.

இனி, எழுதியதால் வந்த வினை. ஜூனி இரகசியம் என்றாலே வெள்ளைக்காரரிடமிருந்து மறைப்பது என்று நினைக்கிறோம். அவர்களுக்குள்ளேயே அறிவு பங்கிடப்பட்டிருக்கிறது. ஆறு கீவா (சடங்குக் கூடம்) அமைப்புகள், மருத்துவக் குழுக்கள், மழைக் குருமார், வில் குருமார் என்று ஒவ்வொன்றுக்கும் உரியது வேறு. ஒரு வேண்டுதலை அறிந்தவர் அதைச் செய்யும் பொறுப்பையும் சுமக்கிறார். பொறுப்பு இல்லாதவர் கையில் அது போனால் அவருக்கும் கேடு, ஊருக்கும் கேடு. கஷிங்கின் விலங்குச் சிறு உருவங்கள் பற்றிய கட்டுரையும் படைப்புக் கதைகளும் பணியக ஆண்டறிக்கைகளில் வந்தன. மாவு ஆலைக்காரர்களுக்கான ‘மில்ஸ்டோன்’ என்ற தொழில் இதழில் மக்காச்சோள உணவு பற்றி 1884–85இல் ஒரு தொடர் எழுதினார். சுட்ட கல்லில் கொழுப்பு தடவி, மாவைக் கையாலேயே இழுத்துப் பூசிக் காகிதம் போல உரித்தெடுக்கும் ரொட்டி வரை அதில் இருக்கிறது. சமையல்தானே என்று தோன்றும். அந்தத் தொடரிலும் சோளம் பிறந்த கதையும் சடங்கும் பின்னிக் கிடக்கின்றன. இது உணவு, இது மதம் என்று ஆய்வாளர் போடும் கோடு அந்த ஊரில் கிடையாது. இவை அச்சேறி நூலகத்துக்குப் போனபின், தீட்சை பெறாத ஜூனிச் சிறுவன் பள்ளி நூலகத்தில் அதைப் புரட்டலாம். உள்ளூர் ஏற்பாட்டை அச்சு அப்படித்தான் உடைத்தது. ‘ஐம்பது ஆண்டு கழித்து வெளியிட்டால் போதும்’ என்ற நம் வழக்கமான சமாதானம் இங்கே செல்லாது.

பொருள்களின் கதை இன்னும் கூர்மையானது. அஹயூதா என்பவர்கள் இரட்டைப் போர்த்தெய்வங்கள், ஊரைக் காப்பவர்கள். ஆண்டுதோறும் மார்கழிக் குளிரில், சூரியன் திரும்பும் நாளையொட்டி மான் குலத்தார் ஒருவரையும் கரடி குலத்தார் மற்றவரையும் மரத்தில் செதுக்குகிறார்கள். திறந்தவெளிக் கோயிலில் நிறுத்துகிறார்கள். சென்ற ஆண்டு உருவம் பக்கத்தில், பழையவற்றின் குவியலில் சேரும். வெயிலிலும் மழையிலும் வெடித்து, உதிர்ந்து, மண்ணோடு மண்ணாக வேண்டும். அப்படிக் கரைவதே அதன் வேலை. அந்தக் குவியலைப் பார்த்த சேகரிப்பாளர்கள் ‘கைவிடப்பட்டவை’ என்று எடுத்துப்போனார்கள். பூச்சி அரிக்காமல், ஈரம் படாமல், கண்ணாடிக்குள் அருங்காட்சியகம் எவ்வளவு அக்கறையாகப் பாதுகாக்கிறதோ அவ்வளவுக்கு அந்த உருவம் தன் வேலையைச் செய்ய முடியாமல் கிடக்கிறது.

1978இல் ஜூனித் தலைவர்கள் டென்வர் கலை அருங்காட்சியகத்திடம் அஹயூதாவைத் திருப்பிக் கேட்டார்கள், 1980இல் கிடைத்தது. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தோடு அதே 1978இல் தொடங்கிய பேச்சு 1987இல் முடிந்தது. ஒன்பது ஆண்டில் ஒரு பகுதி அருங்காட்சியகத்தின் தயக்கம். இன்னொரு பகுதி ஜூனிக் குருமார் தமக்குள் கூடிப் பேசி முடிவெடுக்க எடுத்துக்கொண்ட காலம். அவர்கள் வாதம் எளிது: அஹயூதா ஊருக்குச் சொந்தம், தனியாள் எவருக்கும் விற்கும் உரிமை இல்லை, ஆகவே ரசீது இருந்தாலும் அது களவே. 1990இல் அமெரிக்காவில் திருப்பியளிப்புச் சட்டம் வருவதற்கு முன்பே இந்த வாதத்தால் பல உருவங்கள் ஊர் திரும்பிவிட்டன. 1992க்குள் 69 என்பது கணக்கு. அந்தச் சட்டம் ஐரோப்பிய அருங்காட்சியகங்களைக் கட்டுப்படுத்தாது.

ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் ஓர் அஹயூதா இருக்கிறது. அது களவுப் பொருள் இல்லை. கஷிங் தன் கையாலேயே செய்து பிரிட்டன் மானிடவியலாளர் எட்வர்ட் டைலருக்குக் கொடுத்த நகல். கை வேலையில் கஷிங் கெட்டிக்காரர். செய்து பார்த்தால்தான் புரியும் என்பது அவர் கொள்கை. ‘நகல்தானே’ என்று நமக்குத் தோன்றும். கொலராடோவின் லா ஹுந்தாவில் 1950களில் சாரணச் சிறுவர்கள் நூல்களைப் பார்த்து ஷாலகோ என்ற ஜூனித் தெய்வ உருவங்களைச் செய்தார்கள். ஜூனிகள் வந்து பார்த்தார்கள், கேலி செய்யவில்லை. இவை மெய்யானவை என்று சொல்லித் தங்களோடு எடுத்துப்போனார்கள். முறைப்படி செய்யும் அறிவு எதில் இறங்கியிருக்கிறதோ அது நகலாகாது என்பதே அவர்கள் நிலை. அப்படிப் பார்த்தால் கஷிங்கின் நகல், வில் குருமார் குழுவில் பெற்ற அறிவை நகர்த்திக்கொண்டு போன வண்டி. இன்று முப்பரிமாண வருடலும் அச்சும் செய்து ‘மூலம் உங்களுக்கு, நகல் எங்களுக்கு’ என்று பேரம் பேசும் அருங்காட்சியகப் பயிற்சியாளர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஜூனியிலேயே 1990களில் அஷிவி அவான் என்ற அருங்காட்சியகம் எழுந்தது. ஸ்மித்சோனியனிலிருந்து வந்த பழைய ஒளிப்படப் படிகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: எவரும் பார்க்கலாம் என்பவை ஒரு பக்கம், சடங்குப் படங்கள் அதற்குரியவர்களின் பார்வைக்கு மட்டும். நூறாண்டுக்கு முன் எடுத்த படத்துக்கும் இன்று கதவு போட முடியும் என்பதற்கு இது செயல் விளக்கம். அதே ஊரின் ஓவியர் ஃபில் ஹியூட் 1994இல் கஷிங்கைப் பற்றி ஒரு வரிசைக் கேலிச்சித்திரங்கள் வெளியிட்டார். நன்றியும் கோபமும் சிரிப்பும் கலந்தவை. கஷிங் பாடத்தோடு அவற்றையும் வகுப்பில் காட்டினால், ஆய்வு செய்யப்பட்டவர்கள் ஆய்வாளரைப் பார்த்த பார்வை மாணவருக்கு ஒரு நொடியில் பிடிபடும்.

நம் பக்கத்திலும் ஒப்பிடத் தகுந்த ஒன்று இருக்கிறது. 1901–02இல் நீலகிரியில் தோடர்களிடம் ஆய்வு செய்த பிரிட்டன் மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், அவர்களோடு வாழவில்லை. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, செய்தி சொன்னவருக்குக் கூலி கொடுத்துக் கேட்டு எழுதினார். மறைவான செய்திகளைச் சொன்னவர்களின் வீடுகளில் நோயும் சாவும் அடுத்தடுத்து வந்தன. அயலானிடம் சொன்னதால் தெய்வம் கோபித்தது என்று குறி சொல்பவர்கள் கூறினார்கள். அதன்பின் செய்தி வற்றிவிட்டது என்று ரிவர்ஸே தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார். மூழ்கி வாழ்ந்தவரும் கூலி கொடுத்துக் கேட்டவரும் ஒரே சுவரில்தான் முட்டினார்கள். ஆகவே ‘ரிவர்ஸ் பழைய முறை, கஷிங் நல்ல முறை’ என்று தரம் பிரிப்பதில் பொருளில்லை. கூடவே வாழ்ந்தவருக்கு அதிகம் தெரியவரும், அதனால் பொறுப்பும் அதிகம்.

இனி நாங்கள் கேட்பவை.

இசைவைத் துண்டு துண்டாகக் கற்றுக்கொடுங்கள். ஊரில் தங்க இசைவு, சடங்கைப் பார்க்க இசைவு, பதிய இசைவு, வெளியிட இசைவு ஆகிய நான்கும் தனித்தனி. ஒன்றைக் கொடுத்தவர் மற்றதையும் கொடுத்ததாகக் கொள்ளக் கூடாது. முதல் நாளே ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது துறையைக் காப்பாற்றுமே தவிர ஊராரைக் காக்காது. என்ன கேட்கப்போகிறோம் என்று நமக்கே தெரியாத நாளில் அவர் எதற்கு ஒப்புகிறார்? மூன்று தடவை கேட்கச் சொல்லுங்கள்: வந்த வாரம், ஒவ்வொரு பதிவும் முடிந்த உடனே, எழுதியதை அவர் மொழியில் வாசித்துக் காட்டியபின். எழுத்து பழகாதவரிடம் வாய்மொழி இசைவை ஒலிப்பதிவாக வாங்குங்கள். பதிவில் தேதி, உடனிருந்தவர், எதற்கு ஒப்பினார், எதற்கு ஒப்பவில்லை என்ற நாலும் வர வேண்டும். பின்வாங்க எந்த எண்ணில் யாரை அழைப்பது என்று ஒரு சீட்டு அவர் வீட்டில் இருக்க வேண்டும். அந்த எண் மாணவருடையதாக மட்டும் இருந்தால் இரண்டு ஆண்டில் செத்துப்போகும். துறையின் எண்ணையும் சேருங்கள்.

குறிப்பேட்டின் வலது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் நேரே அந்த ஓரத்தில்: சொன்னவர், கேட்டுக்கொண்டிருந்தவர், பருவம், யார் கேட்கலாம். ‘யார் கேட்கலாம்’ வெறுமையாக இருந்தால் அந்தப் பத்தியைத் தட்டச்சு செய்யக் கூடாது. எழுத வேண்டாம் என்று சொன்னதை இரவு அறைக்கு வந்து நினைவிலிருந்து எழுதுவதும் பதிவுதான். கஷிங்கின் பென்சிலுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. கைப்பேசியில் இரண்டு அமைப்புகளை ஊருக்குள் நுழையும் முன் நிறுத்த வேண்டும்: படம் தானாக மேகச் சேமிப்புக்கு ஏறுவது, படத்தோடு இருப்பிடக் குறி ஒட்டிக்கொள்வது. இரண்டாவதை மறந்தால், மூலிகை இருக்கும் பாறையையும் மறைவான கோயிலையும் சில மீட்டர் துல்லியத்தில் வழிகாட்டி அனுப்பிவிடுவீர்கள். பெயரை மறைத்தும் பயனிருக்காது.

கூலி கொடுப்பதானால் இழந்த நாளுக்குக் கொடுங்கள், அந்த ஊரின் நாள் கூலிக்குக் குறையாமல். கதைக்கு இவ்வளவு, மந்திரத்துக்கு இவ்வளவு என்று போனால் வறுமை வாயைத் திறக்கும், அல்லது புதிதாகப் புனையும்.

கஷிங் 1900 ஏப்ரலில், 42 வயதில், தொண்டையில் மீன்முள் சிக்கி இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய ஜூனிக் கதைத் தொகுப்பு அச்சில் வந்தது. சொன்னவரிடம் கேட்டு வெளியிட எழுதியவரே இல்லை. தாள்கள் கைமாறி எங்கோ ஒரு காப்பகத்தில் சேர்ந்தன. ஆகவே ஆய்வேட்டோடு ஒரு பக்கம் கேளுங்கள்: மூலப் பதிவுகள் எங்கே இருக்கும், எத்தனை படி, ஊரில் ஒரு படி யாரிடம், மாணவர் இல்லாமல்போனால் யார் முடிவெடுப்பார்.

இதிலெல்லாம் பெரிய தடை நாம்தான், நெறியாளர்கள். ‘எத்தனை மணி நேரப் பதிவு, எத்தனை சடங்கு’ என்று எண்ணி மதிப்பெண் போடுகிறோம். வாஷிங்டனும் கஷிங்கிடம் அறிக்கை எங்கே, பொருள் எங்கே என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. ‘இப்பகுதி ஊரார் கேட்டுக்கொண்டதால் விடப்பட்டது’ என்று ஆய்வேட்டில் ஒரு வரி இருந்தால் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டோம் என்று விதிமுறையிலேயே எழுதிவிடுங்கள். எழுதாதவரை மாணவர் நம்ப மாட்டார். அமெரிக்க மானிடவியல் கழகத்தின் 2012 அறநெறிகளில் ‘முடிவுகளை எல்லோருக்கும் கிடைக்கச் செய்க’ என்றும் ஒன்று உண்டு. பரப்புவதற்கு வரம்பு வைப்பது பொருத்தமாகும் சூழல்கள் இருப்பதை அதே விளக்கம் ஒப்புக்கொள்கிறது. அந்த இரண்டாம் பாதியையும் சேர்த்தே பாடத்தில் வையுங்கள்.

வினாத்தாளையும் மாற்றுங்கள். பழைய கேள்விக்குப் பதிலாக இதை வைத்துப் பார்க்கலாம்: ‘1879இல் கட்டிய தூளி, முகமூடி ஆட்டத்தின் படம், 1881இல் பெற்ற குருத்துவம், டைலருக்குத் தந்த அஹயூதா. இந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் அனுமதி தரும் உரிமை யாருக்கு இருந்தது? கஷிங் யாரிடம் கேட்டார்?’ பத்து மதிப்பெண் போதாது, பதினைந்து வேண்டும்.

இப்படிக்கு,
களப்பணி கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்